உழைத்த உடலும் உலவும் உடலும்

(பாலோவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடலசைவுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் என்ன கண்டிருக்கின்றன என்று எடுத்துச் சொல்லும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். மலேசியாவின் குளுவாங் மாவட்டத்தில், இரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இந்த ஊரில் நின்று இதைப் பேசும்போது ஒரு கேள்வியை ஒதுக்கிவிட்டு ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. "தினமும் நடங்கள், மூளைக்கு நல்லது" என்று சொன்ன மறுகணமே நம் பெரியவர்கள் கேட்பார்கள்: "பால்மரக் காட்டுல முப்பது நாப்பது வருஷம் நடந்தோமே, அது நடை இல்லையா? நாங்க பட்ட பாட்டுக்கு மேல என்ன பயிற்சி வேணும்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாத எந்த ஆராய்ச்சியும் நமக்கு உதவாது. என் பதிலை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. முதலாவதை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது அவர்களுக்குக் கிடைத்ததே இல்லை. அது அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. இதை ஆராய்ச்சியின் துணையோடு நிறுவுவதுதான் இன்றைய என் முயற்சி.

1. பால்மரக் காட்டின் நடை

அந்த நடை எப்படிப்பட்டது என்று இங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு. மேற்பார்வை செய்யும் தண்டல் பெயர் வாசித்து முடித்ததும், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் காட்டுக்குள் நுழைவார்கள். ஒருவர் பங்குக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள் இருக்கும். ஒவ்வொரு மரத்திலும் முந்தைய வெட்டில் காய்ந்து படிந்த பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைக்க வேண்டும். பிறகு கத்தியைக் கோட்டில் வைத்து, மரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் காலை நகர்த்திக்கொண்டே, பட்டையை மெல்லிய சீவலாக இழுத்து வெட்ட வேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், தண்டலிடம் ஏச்சு விழும். ஆழம் குறைந்தால் பால் இறங்காது. கோடு தாழ்ந்திருந்தால் முழங்காலை மடக்க வேண்டும். உயர்ந்திருந்தால் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். அட்டை கடிக்கும், கொசு மொய்க்கும். கடைசி மரம் முடிந்ததும் திரும்ப முதல் மரத்துக்கு வந்து பால் எடுக்க வேண்டும். வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து பால் ஸ்டோருக்குப் போய் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் அன்றைய கூலி போயிற்று.

இவர்களில் மிகப் பலர் பெண்கள். லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் அவர்களுக்கு இரண்டாவது பெரட்டு தொடங்கும்: சமையல், துணி, ஆயாக் கொட்டகையிலிருந்து தூக்கி வந்த குழந்தை.

இப்போது காடுகள் செம்பனையாகிவிட்டன. பலர் தோட்டத்தை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். உழைத்த உடல் ஒரு நாள் சட்டென்று நிறுத்தப்பட்டு, தொலைக்காட்சிக்கு முன் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டது. அதோடு சர்க்கரையும் வந்து சேர்ந்தது. மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டு, 2018இல், முதியோரைப் பற்றி எடுத்த ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருக்கக்கூடும் என்று கண்டது. இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல. நீரிழிவு மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களில் ஒன்று.

2. மூளை என்ன ஆகிறது?

வளர்ந்தபின் மூளையில் புதிய நரம்பணு பிறக்காது, இருப்பது அழியத்தான் செய்யும் என்றுதான் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி நம்பிவந்தது. அந்த நம்பிக்கையை அசைத்தவற்றில் ஒரு சுண்டெலி ஆய்வு முக்கியமானது. 1999இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் ஹென்ரியெட் வான் பிராக், கெர்ட் கெம்பர்மன், ஃபிரெட் கேஜ் ஆகிய மூவரும் அதைச் செய்தார்கள். கூண்டுக்குள் ஒரு சக்கரத்தை வைத்து, விரும்பியபோது ஓடிக்கொள் என்று சில எலிகளை விட்டார்கள். அவற்றின் மூளையில், நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதியில், புதிதாகப் பிறந்து நிலைத்த அணுக்கள் சாதாரணக் கூண்டு எலிகளுக்கு இருந்ததைப்போல் இரு மடங்கு இருந்தன. இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1995இல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் கார்ல் காட்மன் குழுவினர், ஓடும் எலிகளின் மூளையில் பி.டி.என்.எஃப். என்ற புரதம் கூடுவதைக் கண்டிருந்தார்கள். நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும், ஒன்றோடொன்று புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொள்ளவும் வேண்டிய புரதம் அது.

காலின் அசைவு தலைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? இழுபடும் தசை இரத்தத்தில் பல வேதிப்பொருள்களை விடுகிறது. அவற்றில் சில மூளையை எட்டி இந்தப் புரதத்தைக் கூட்டுகின்றன. இரத்த ஓட்டம் சீராகிறது, நுண்குழாய்கள் பெருகுகின்றன. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பாராமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் சர்க்கரையும் இறங்குகிறது. சாப்பிட்ட பின் சற்று நடப்பது சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்குமா? பெரியவர்களின் மூளையில் புதிய அணு பிறக்கிறதா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு நடக்கிறது. 2018இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்று இல்லை என்றும் மற்றொன்று உண்டு என்றும் சொல்லின. ஆனால் ஹிப்போகாம்பஸின் பருமனை அளப்பதில் அந்த வழக்கு இல்லை. அமெரிக்காவின் இல்லினாயில் நடந்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிர்க் எரிக்சன், ஆர்தர் கிரேமர் உள்ளிட்டோர் 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள் நடந்தது. மற்றது கைகால்களை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி செய்தது. ஓராண்டு கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் ஏறக்குறைய 2 விழுக்காடு பெருத்திருந்தது. மற்றவர்களுக்கு 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது. அந்த வயதில் அது ஆண்டுதோறும் சுருங்குவதே இயல்பு. ஆகவே ஓரிரு ஆண்டுகளின் தேய்மானத்தை நடை திருப்பித் தந்தது என்று அவர்கள் எழுதினார்கள்.

அந்த நடையின் அளவை நம் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். முதல் வாரம் 10 நிமிடம்தான். வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டி, ஏழாவது வாரத்தில் 40 நிமிடம். மாரத்தானும் இல்லை, மலையேற்றமும் இல்லை. ஆனால் அது அவர்கள் விரும்பி வந்து நடந்த நடை. நடந்து முடித்ததும் வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்தார்கள்.

3. ஆராய்ச்சி கைவிரித்த இடங்கள்

நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். அந்த இல்லினாய் ஆய்விலேயே, நினைவுச் சோதனையில் இரண்டு குழுவும் முன்னேறின. நடந்தவர்கள் தனித்து முந்திவிடவில்லை. அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த லைஃப் ஆய்வு 2015இல் வெளிவந்தது. உடற்பயிற்சி செய்தவர்களுக்கும், உடல்நலப் பாடம் மட்டும் கேட்டவர்களுக்கும் அறிவுத்திறனில் ஒட்டுமொத்த வேறுபாடு தெரியவில்லை. 2018இல் வெளிவந்த இங்கிலாந்தின் டாப்பா ஆய்வில், மறதி நோய் வந்துவிட்ட 494 பேருக்குக் கடும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். உடல் வலு கூடியது, மறதி மட்டுப்படவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இரண்டு. முதலாவது, நடை மருந்து மாத்திரை அன்று. நோய் முற்றியபின் அதை விழுங்கிக் குணமாக முடியாது. நாற்பது, ஐம்பது வயதிலேயே தொடங்கிப் பல ஆண்டுகள் செய்ய வேண்டியது. இரண்டாவது, நடை தனியாக நின்று வேலை செய்வதில்லை. ஃபின்லாந்தில் மியா கிவிபெல்டோ தலைமையில் 1,260 பேரிடம் நடந்த ஃபிங்கர் ஆய்வு, ஒரு குழுவினருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, இரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. இரண்டு ஆண்டில் அவர்களுடைய அறிவுத்திறன் மற்றக் குழுவினரைவிட மேம்பட்டிருந்தது. 2024இல் லான்செட் ஆணைக்குழு, மறதி நோய்க்கு வழிவிடும் மாற்றத்தக்க காரணங்களாக 14ஐப் பட்டியலிட்டது. கல்விக் குறைவு, செவித்திறன் இழப்பு, கண்பார்வை இழப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம், புகை, மது, தனிமை, மனச்சோர்வு, தலையில் அடி, உடலசைவின்மை ஆகியவை அதில் அடங்கும். அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் மறதி நோயின் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு.

அந்தப் பட்டியலைத் தோட்டத்து வாழ்க்கையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், மருத்துவ வசதி எட்டாதவர்கள், கள்ளும் சம்சுவும் குடித்து அலுப்பைத் தீர்த்தவர்கள் யார்? அந்தக் காரணங்களில் பல அவர்கள் தேடிக்கொண்டவை அல்ல, அவர்கள்மேல் வந்து விழுந்தவை.

4. நடத்துநரும் சுமை தூக்கியவரும்

இப்போது பெரியவர்களின் கேள்விக்கு வருகிறேன். பாடுபட்டது பயிற்சி ஆகாதா?

ஆகும் என்று சொல்லும் சான்று ஒன்று உண்டு. உடலசைவு ஆராய்ச்சியின் தொடக்கமே அதுதான். 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் பிந்தி வந்தது, உயிரைப் பறித்ததும் குறைவு. வேலையில் இருந்த அசைவே அவர்களைக் காத்தது.

ஆகாது என்று சொல்லும் சான்றும் உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1970களின் தொடக்கத்தில் பதினான்கு நிறுவனங்களின் ஆண் ஊழியர்களிடம் அவர்கள் வேலையைப் பற்றி விவரம் வாங்கி வைத்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, கிர்ஸ்டன் நாபே நீல்சன் குழுவினர் அவர்களில் 4,721 பேருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட, உடலை வருத்திக் கடின வேலை செய்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு 55 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களிடமோ இப்படி ஒரு கேடு தென்படவில்லை. இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு. கடின வேலைதான் நோயைக் கொண்டுவந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "பாடுபட்டேன், அதனால் தப்பித்தேன்" என்று நம்பியிருப்பவரை அது எச்சரிக்கிறது.

ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தவர் டென்மார்க்கின் ஆந்திரியாஸ் ஹோல்ட்டர்மன். அவருடைய விளக்கம் நம் கேள்விக்கு மிக நெருங்கி வருகிறது. ஓய்வு நேர உடற்பயிற்சி கொஞ்ச நேரம் இதயத்தை வேகமாக அடிக்க வைத்துவிட்டு விட்டுவிடும். உடல் ஓய்வெடுத்துத் தேறும்போது வலுக் கூடுகிறது. கடின வேலையோ எட்டு மணி, பத்து மணி நேரம் நீள்கிறது. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் நாள் முழுவதும் ஏறியே நிற்கின்றன. பாரம் தூக்குவதும், குனிந்தபடி அசையாமல் நிற்பதும் அழுத்தத்தை மேலும் ஏற்றுகின்றன. மறுநாள் விடியுமுன் மறுபடியும் அதே வேலை. தேறுவதற்கு நேரமே இல்லை. எப்போது நிறுத்துவது, எவ்வளவு வேகமாகச் செய்வது என்பது வேலை செய்பவர் கையில் இல்லை.

நான் சற்று முன் சொன்ன சுண்டெலி ஆய்வில் இன்னொரு குழுவும் இருந்தது. தண்ணீரில் இறக்கிவிடப்பட்டு, வேறு வழியின்றி நீந்திய எலிகள். அவற்றின் மூளையில் புதிய அணுக்கள் கூடவில்லை. அவை நீந்தியது கொஞ்ச நேரமே. ஆகவே விருப்பம் ஒன்றுதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் தானே ஓடிய எலியையும் தள்ளிவிடப்பட்டு நீந்திய எலியையும் அருகருகே பார்க்கும்போது, பெரட்டுக்கு ஓடிய நம் மூத்தவர்களின் நினைவு எனக்கு வராமல் இல்லை.

நம் பெரியவர்களின் கேள்விக்கு நான் தரும் பதில் இதுதான். நீங்கள் நடந்தீர்கள். யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த நடையின் பலன் உங்கள் உடலில் சேமிப்பாகத் தங்கவில்லை. அது இரப்பர் தாளாகிக் கப்பலேறிப் போய்விட்டது. உங்களிடம் தங்கியது முழங்கால் வலியும் தோள் வலியும்தான். ஆகவே "போதும், நடந்தாயிற்று" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களுக்காக நடக்கும் நடை இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

அந்த நடை பிந்தித் தொடங்கினாலும் பலன் இருக்கலாம் என்பதற்கு ஹொனலூலுவிலிருந்து ஒரு சான்று. ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு ஜப்பானிலிருந்து கூலிகளாகப் போன ஒரு சமூகத்தின் ஆண்கள், 71 முதல் 93 வயது வரையிலான 2,257 பேர், நாளுக்கு எவ்வளவு நடக்கிறார்கள் என்று ராபர்ட் ஆபட் குழுவினர் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2004இல் வெளிவந்த முடிவு: நாளுக்கு ஏறக்குறைய 400 மீட்டருக்கும் குறைவாக நடந்தவர்களுக்கு, 3 கிலோமீட்டருக்குமேல் நடந்தவர்களைவிட மறதி நோய் வந்தது 1.8 மடங்கு. கடல் கடந்து தோட்டத்துக்குப் போன இன்னொரு மக்களின் கதை என்பதால் இந்த ஆய்வை நான் மறக்காமல் சொல்லிவருகிறேன்.

இது பழைய தலைமுறையின் கதை மட்டும் இல்லை. இன்று நம் பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் நிற்கிறார்கள். காவல் வேலையில் இரவு முழுக்க விழித்திருக்கிறார்கள். "கால் கடுக்க நின்னுட்டு வரேன், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்று அவர்களும் கேட்கிறார்கள். தாத்தாவின் கேள்விதான் பேரன் வாயில் வருகிறது. பதிலும் அதுவேதான்.

5. நடந்துகொண்டே பேசச் சொன்னால்

நடைக்கும் மூளைக்கும் உள்ள உறவைக் கண்ணால் பார்க்க எம்.ஆர்.ஐ. தேவையில்லை. 1997இல் ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் லில்லிமோர் லுண்டின் ஓல்சன் முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார். அவர்களில் 12 பேர் பதில் சொல்ல வேண்டுமானால் நடப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள்.

காரணம் இதுதான். நடப்பது காலின் வேலை என்று நினைக்கிறோம். சமநிலை, திசை, அடுத்த அடியின் அளவு அனைத்தையும் மூளைதான் கணக்கிடுகிறது. மூளையின் கையிருப்பு குறையும்போது இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய முடிவதில்லை. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜோ வர்கீஸ் இதையே விரிவாக ஆராய்ந்தார். நடை மெதுவாகிவிட்டது, நினைவும் மங்குவதாகத் தமக்கே தோன்றுகிறது என்ற இரண்டும் சேர்ந்திருப்பவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார். 2014இல் வெளிவந்த அவருடைய கட்டுரை 17 நாடுகளின் 26,802 முதியவர்களைக் கணக்கில் எடுத்தது. அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நிலை இருந்தது. அந்த 17 நாடுகளில் இந்தியாவும் அடக்கம். கேரளத்தின் கோழிக்கோட்டில் அவருடைய குழு இதற்கென்றே முதியவர்களைப் பின்தொடர்கிறது. இதைக் கண்டுபிடிக்க வேண்டியவை ஒரு கைக்கடிகாரமும் சில கேள்விகளும் மட்டுமே. சிற்றூர்க் கிளினிக்கில்கூடச் செய்யலாம்.

உங்கள் வீட்டில் அப்பாவோ பாட்டியோ கடைக்கு நடக்கும்போது, "இன்னிக்கு என்ன கிழமை, நேத்து என்ன சமைச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதும் நின்றுவிட்டால் பதறாதீர்கள், ஆனால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, சர்க்கரை எவ்வளவு, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இதே வர்கீஸ் 2003இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வை நம் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேர் ஓய்வு நேரத்தில் என்னென்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசிப்பு ஆகியவை மறதி நோய்க் குறைவோடு சேர்ந்து வந்தன. உடலசைவுகளில் அப்படிச் சேர்ந்து வந்தது நடனம் மட்டுமே. நடனத்தில் கால் அசைகிறது, தாளத்தைக் காது பிடிக்கிறது, அடுத்த அடவை நினைவு எடுத்துக் கொடுக்கிறது, பக்கத்தில் ஆடுபவரைக் கண் பார்க்கிறது. நமக்குக் கும்மி இருக்கிறது, கோலாட்டம் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, வளரிளம் பெண்களுக்காகப் பத்து நிமிட வேக நடனம் ஒன்றை வகுத்துத் தாண்டவ் என்று பெயரிட்டிருக்கிறது. ஓடுவதற்கு இடமும் துணையும் இல்லாத பெண்ணுக்கு ஓர் அறையும் பாட்டும் போதும் என்பதுதான் அதன் அடிப்படை.

6. ஆராய்ச்சி நம் வாசலுக்கு வந்திருக்கிறது

பல்கலைக்கழக ஆராய்ச்சி என்றால் ஏதோ கடல் கடந்த செய்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாலோவில் வடக்கே போகும் ரயிலில் ஏறினால் அடுத்த ஊர் பெக்கோக். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2011இல் சிகாமட் மாவட்டத்தில் சியாக்கோ என்ற சமூகச் சுகாதாரக் கண்காணிப்பு மையத்தைத் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட முக்கிம் எனப்படும் ஐந்து உட்பிரிவுகளில் பெக்கோக்கும் சாஆவும் உண்டு. ஏறக்குறைய 40,000 பேரை அது பின்தொடர்கிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஒராங் அஸ்லி எல்லாரும் அதில் இருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களையே பழக்கி வீடு வீடாக அனுப்பி விவரம் சேர்க்கிறார்கள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் சுசானா ஷஹார் தலைமையில் நடந்த முதுமை ஆய்வு சிலாங்கூர், பேராக், கிளந்தான், ஜொகூர் ஆகிய நான்கு மாநிலங்களில் 2,322 முதியவர்களைச் சேர்த்தது. மூளையைக் காப்பவை எவை என்பதே அதன் கேள்வி. இந்தியாவில் கர்நாடகத்தின் சீனிவாசபுரம் கிராமங்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், 45 வயதைக் கடந்த 10,000 பேரைப் பின்தொடரும் நோக்கோடு இறங்கியிருக்கிறது. விஜயலட்சுமி ரவீந்திரநாத் உருவாக்கிய மையம் அது.

இவையெல்லாம் சிற்றூர் மனிதரின் மூளையைத் தேடி வந்த ஆராய்ச்சிகள். வாசலில் வந்து நிற்பவர்களுக்குக் கதவைத் திறங்கள். கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். கூடவே, "எங்களிடம் எடுத்ததன் முடிவு என்ன?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இங்கே இருக்கும் மாணவர்களில் யாரேனும் மருத்துவமோ உடலியக்கச் சிகிச்சையோ படிக்கப் போனால், உங்கள் ஆய்வுக்கு ஒரு தலைப்பை இப்போதே தருகிறேன்: முப்பது ஆண்டு பால் வெட்டியவரின் மூளை முதுமையில் எப்படி இருக்கிறது? பெரட்டு, மங்கு, காண்டா என்ற சொற்களின் பொருள் தெரிந்தவர்தான் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும்.

7. ஆசியாட் காலனியில் ஒரு பூங்கா

ஆராய்ச்சி முடிவை ஊர் கையில் எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1990களில் டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை எடுத்து நீரிழிவு, இதயநோய் பற்றி ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒன்று திருமங்கலத்து ஆசியாட் காலனி. ஆய்வு முடிந்ததும் முடிவுகளை அங்கிருந்த மக்களிடமே எடுத்துச் சொன்னார்கள். நடப்பதற்கு இடம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. குடியிருப்பாளர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு பூங்காவை அமைத்தார்கள். வாரத்துக்கு மூன்று முறைக்குமேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முன்பு 14.2 விழுக்காடு. பின்னர் எடுத்த கணக்கில் 58.7 விழுக்காடு.

அறிவுரை அங்கே ஏற்கனவே இருந்தது. இடம் வந்தபின்தான் கால்கள் அசைந்தன. இதே மோகன், ஆர்.எம். அஞ்சனா குழுவினர் 2014இல் வெளியிட்ட பெரிய இந்திய ஆய்வில், தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில், ஓய்வு நேர உடற்பயிற்சி செய்தவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. சோம்பேறித்தனம் என்று இதைப் பழிப்பது எளிது. ஓய்வு நேரம் என்ற ஒன்றும், பயமின்றி நடக்க ஓர் இடமும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

8. பாலோவுக்கு என் வேண்டுகோள்

ஆகவே அறிவுரையோடு நிறுத்தாமல் ஊருக்கு நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, இடம். தெருநாயும் லாரியும் இல்லாத, விளக்குள்ள ஓரிடம் வேண்டும். பள்ளித் திடலோ கோயில் வளாகமோ காலையும் மாலையும் ஒரு மணி நேரம் முதியவர்களுக்காகத் திறந்திருக்கட்டும். பள்ளி வாரியமும் கோயில் நிர்வாகமும் உட்கார்ந்து பேசி இதை முடிவு செய்யலாம். பெரிய செலவு இல்லை.

இரண்டு, துணை. தனியாக நடப்பவர் இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுவார். நான்கு பேராகப் போனால் பேச்சுக்காகவேனும் வருவார்கள். தனிமையும் மறதி நோய்க்கு ஒரு காரணம் என்று சொன்னேன். ஒரே நடையில் இரண்டையும் கவனித்துவிடலாம்.

மூன்று, அளவு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலசைவு. பேச முடிய வேண்டும், பாட மூச்சு வரக்கூடாது, அதுதான் மிதமான வேகம். இல்லினாய் முதியவர்களைப்போல் 10 நிமிடத்தில் தொடங்குங்கள். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம், பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். செருப்பைக் கழற்றியதும் உள்ளங்காலைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தாலும் வலிக்காது.

நான்கு, இளைஞர்கள். ஷிப்ட் முடித்து வருபவருக்கு முதல் தேவை தூக்கம். தூங்கி எழுந்தபின் அரை மணி நேரம் அவருக்கென்று விட்டுவிடுங்கள். வீட்டில் உள்ள ஆண்கள் அடுப்படி வேலையில் பாதியை எடுத்துக்கொண்டால், பெண்களுக்கும் அந்த அரை மணி நேரம் கிடைக்கும். ஒரு வீட்டில் யாருக்கு நடக்க நேரம் இருக்கிறது என்பது அந்த வீட்டின் நியாயத்தைப் பற்றிய கேள்வி.

இந்த அறக்கட்டளையின் நிறுவனர் குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச வருபவரைத் தேர்ந்தெடுக்கும்போதே, இந்த ஊரில் நடக்கும் இடம் ஒன்று திறந்ததா, எத்தனை பெரியவர்கள் வருகிறார்கள் என்று ஒரு கணக்கும் எடுத்து வையுங்கள். அதை அவையில் வாசியுங்கள். சொற்பொழிவுக்குப் பயன் உண்டா இல்லையா என்பதை அந்தக் கணக்குச் சொல்லட்டும். இந்த நாட்டின் சடக்குகளுக்கும் பள்ளிகளுக்கும் துறைமுகங்களுக்கும் பணமான பாலை வெட்டிக் கொடுத்தவர்கள் உங்களிடையே உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் விருப்பத்துக்குத் தங்கள் வேகத்தில் நடக்க அவர்களுக்கு ஓர் இடமும் ஒரு மணி நேரமும் ஒதுக்கித் தருவது உதவி ஆகாது. அது கூலிப் பாக்கி. அதைத் தீர்க்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.